பூனைக்கு மண் இல்லாத வீடு

கல்யாணமாகி ஏழு வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. அதில் ஆறு வருஷம் என் மடியில் ஒரு பூனை இருந்தது. அதற்கு நான் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது எங்கிருந்தாலும் வரும். அப்படி வந்ததால்தான் அதற்கு அந்த முடிவும் வந்தது.

அப்போதும் இப்போதும் எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏஜென்சியில் வேலை. கப்பலில் வருகிற, போகிற சரக்குக்கான காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற அண்ணாச்சி ஒருவர், துண்டில் சுருட்டிய ஒரு குட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். துறைமுக யார்டில், இறக்கி அடுக்கிய மரத்தடிகளுக்கு நடுவே கிடந்து கத்தியதாம்.

"சக்கரத்துல மாட்டிச் செத்துரும்மா. நீங்க வச்சுப் பாத்துக்கிடுவீங்கன்னு தோணிச்சு" என்றார்.

சாம்பல் நிறம். நெஞ்சில் மட்டும் வெள்ளை. சாப்பாட்டுக் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் கணவருக்கு லாரி உதிரிபாகக் கடை. மாமனார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அத்தை, அதாவது என் மாமியார், குட்டியைப் பார்த்துவிட்டு, "எலித் தொல்ல போகும், கெடக்கட்டும்" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சம்மதித்த வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மதில் சுவருக்குள் கொஞ்சம் இடம் கிடந்தது. ஒரு முருங்கை, ஒரு துவைகல், மீதியெல்லாம் வெறும் மணல். பூனை அங்கேதான் போகும். தோண்டும், வெளிக்கிருக்கும், மூடும், மூடியது சரியா என்று ஒரு தடவை முகர்ந்து பார்க்கும், வரும். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட வீட்டுக்குள் அசிங்கம் செய்ததில்லை. "மனுசர விட சுத்தம்" என்று அத்தையே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் வருஷம் அது குட்டி போட்டது. மூன்று குட்டிகள். அந்த மாதம்தான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் சிகிச்சை பலிக்காமல் போயிருந்தது. குட்டிகளைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் அத்தை, "வாயில்லாததுக்கெல்லாம் ஆண்டவன் குடுக்கான், பாத்தியா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் நான் அடுக்களையில் நிற்பது அவருக்குத் தெரியும். அடுத்த வருஷம் மறுபடியும் குட்டி. அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு, சொற்கள் மட்டும் கொஞ்சம் மாறும். குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் பூனையை அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப்போய் இனி குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்து கொண்டுவந்தேன். ஆடு, மாடுகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மகனிடம் சொன்னார்: "ஒரு தாயோட வயித்த அறுத்துட்டு வந்துருக்கா. பெறவு இவ வயித்துல எப்படிலே நிக்கும்?"

அவர் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். என் கணவர் கெட்டவர் இல்லை. எனக்காகக் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டு இரண்டு வருஷம் வேஷம் கட்டி, தெருத்தெருவாய்ப் போய்க் காணிக்கை வாங்கியவர். ஆனால் அம்மாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு வார்த்தை வந்து விழுந்தால், அதை எடுத்துத் தூரப் போட அவருக்குத் தெரியாது. சத்தத்தைக் கூட்டத்தான் தெரியும்.

அந்த வருஷங்களில் நான் பேசியதெல்லாம் பூனையோடுதான். மாதாமாதம் ஏமாந்து படுத்துக் கிடக்கிற நாட்களில் அது வந்து அடிவயிற்றில் ஒட்டிப் படுக்கும். அந்தச் சூட்டுக்கு வலி குறையும். "பிள்ளைக்குப் பதிலா பூனையப் போட்டுக் கொஞ்சுதா" என்று சொந்தக்காரர்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது. சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஏழாம் வருஷம் உண்டானேன். பிரசவ டாக்டர், வீட்டில் பூனை இருப்பதைக் கேட்டு ரத்தம் பரிசோதித்தார். "அது வெளிக்கிருந்த இடத்த நீங்க சுத்தம் பண்ணாதீங்க, கைய நல்லா கழுவுங்க, அது போதும்" என்றார். சுத்தம் பண்ணுகிற வேலையே இருந்ததில்லை. வளைகாப்பு முடிந்ததும் அம்மா வந்து ஸ்ரீவைகுண்டத்துக்கு அழைத்துப் போனாள். அங்கேதான் மகள் பிறந்தாள். ஐந்தாம் மாதம் வரை அங்கேயே இருந்தேன்.

திரும்பி வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது கணவர் வீடியோவில் கூப்பிட்டார். போனை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டினார். மணல் இல்லை. முருங்கை இல்லை. சுவரிலிருந்து சுவர் வரை சிமெண்ட் போட்டு, மேலே வழுக்காத டைல்ஸ் பதித்திருந்தார்கள். தண்ணீர் போக மூலையில் ஒரு ஓட்டை.

"பிள்ள தவழும்போது மண்ண அள்ளித் திங்கக் கூடாதுல்லா. பூரான் வராது. எப்படி இருக்கு?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு அன்பான சொல் சொல்லத் தெரியாதவர், கடையை அடைத்துவிட்டுக் கொத்தனார் பக்கத்தில் நின்று இதைச் செய்திருக்கிறார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். பூனை எங்கே என்று கேட்டேன். "இங்கனதான் கெடக்கு" என்றார். அது எங்கே போய்த் தோண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்போதைக்கு அது மதில் ஏறிக் குதித்துப் பக்கத்துக் காலி மனைக்குப் போய் வந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. நான் பிள்ளையோடு வந்து இறங்கிய அன்று ஜன்னல்களுக்கெல்லாம் கொசுவலை அடித்திருந்தார்கள். புறவாசல் கதவும் முன்வாசல் கதவும் எந்நேரமும் சாத்தியே இருந்தன. ஆக, பிள்ளை வந்த அன்றுதான் பூனைக்கு வழி அடைபட்டது.

முதல் நாள் அது தூரத்தில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்தது. இரண்டாம் நாள் காலை முழுவதும் புறவாசல் கதவடியில் நின்று கத்தியது. "பிள்ள முழிச்சிரும், சும்மா கெட" என்று அதட்டினேன். மூன்றாம் நாள், மடித்து அடுக்கி வைத்திருந்த பிள்ளைத் துணிகளின் மேல் மூத்திரம் பெய்திருந்தது.

பூனை மூத்திரத்தின் நாற்றம் தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அது துணியில் இருப்பதில்லை, மூக்குக்குள் குடியேறிவிடும். எங்கள் ஊரில் துவைப்பதும் லேசில்லை. நல்ல தண்ணீர் சில நாளுக்கு ஒரு தடவைதான் குழாயில் வரும். அது குடிக்க, சமைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட. மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். அதில் உப்பு. சோப்பு நுரைக்காது. உப்புத் தண்ணீரில் அலசிய துணி காய்ந்தால் மொடமொடவென்று நிற்கும், நாற்றமும் அப்படியே நிற்கும். வெயிலில் போட்டால் போய்விட்டது போலிருக்கும், சாயங்காலம் கடல் காற்றின் ஈரம் ஏறியதும் திரும்ப வந்துவிடும்.

அடுத்தடுத்து நடந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால். குளியலறை வாசலில், கட்டியாக. கணவரின் செருப்பில். பிள்ளையை நான் கிடத்துகிற பாயின் ஓரத்தில். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் துடைக்கிற துணி. பிள்ளை தூங்கினால் நானும் கொஞ்சம் தூங்கலாம் என்று படுக்கும்போது எங்கிருந்தாவது அந்த வாடை வரும். எழுந்து, மண்டியிட்டு, முகர்ந்து முகர்ந்து தேடுவேன். தையல் பிரித்த உடம்பு. இடுப்பு விட்டுப் போகும். அத்தை பினாயிலை ஊற்றினார், ப்ளீச்சிங் பவுடரைத் தூவினார். பக்கத்து வீட்டு அக்கா ஆரஞ்சுத் தோலைப் போடச் சொன்னார். யாரோ மிளகாய்ப் பொடி என்றார்கள், பிள்ளை இருக்கிற வீட்டில் அதை மட்டும் செய்யவில்லை. வீடு முழுக்க ஆஸ்பத்திரி கக்கூஸ் மாதிரி ஒரு வாடை. அதற்குள்ளேதான் என் பிள்ளை குப்புற விழவும் தலை தூக்கவும் பழகினாள்.

காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "பொறாம" என்றார்கள். இத்தனை வருஷம் மடியில் கிடந்ததல்லவா, இப்போது இடம் போய்விட்டதல்லவா.

"நீ செல்லங்குடுத்து வளத்தது. அதுக்கு இப்பம் ஒம் பிள்ளைய ஆகல" என்றார் அத்தை.

நானும் நம்பினேன். வெட்கமாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்பியதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. எனக்காக ஒன்று பொறாமைப்படுகிறது என்கிற பெருமை.

ஒரு மத்தியானம், பிள்ளையை அரைமணி நேரம் தட்டித் தூங்கவைத்துவிட்டுத் திரும்பினால், என் கண்ணெதிரிலேயே அது என் தலையணையில் குந்தி உட்கார்ந்தது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. பிடரியைப் பிடித்து இழுத்து, அதன் மூஞ்சியை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தந்த வைத்தியம் அது. பிறகு கையில் கிடைத்த ஈரத் துணியை முறுக்கி அடித்தேன். நாலைந்து அடி இருக்கும். அது ஓடவில்லை, நகத்தை நீட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தரையோடு ஒடுங்கியது. அதற்கு என்னைவிட்டு ஓடிப் பழக்கமில்லை. நான் அடித்து முடித்துப் பார்த்தபோது வாசலில் அத்தை நின்றிருந்தார். "இத அன்னைக்கே செஞ்சிருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் பிள்ளையை விட்டுவிட்டு, பூனையைக் கூடையில் போட்டு ஆட்டோவில் பழைய டாக்டரம்மாவிடம் போனேன். மூடுகிற நேரம். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், மூத்திரப்பையில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எங்க போகும்?"

"வீட்டுக்குப் பின்னால. மணல்ல."

"இப்ப?"

  சிமெண்டும் டைல்ஸும் கொசுவலையும் கண்முன் வந்து நின்றன. ஆறு வருஷம் என்னோடு இருந்த ஜீவன். அதன் கக்கூஸை இடித்துவிட்டு, கதவையும் பூட்டிவிட்டு, அதற்குப் பொறாமை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறோம்.

"பொறாமையெல்லாம் இல்லம்மா. மெத்துன்னு இருக்கிற எடத்தத் தேடுது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. "ஒரு அகலமான டப்பால மண் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலைல வைங்க. தெனமும் அள்ளிப் போடுங்க. பினாயில நிறுத்துங்க. அடிக்காதீங்க. குழந்த இருக்கிற ரூமுக்குள்ள விடாதீங்க. ஒரு வாரத்துல சரியாயிரும்."

மறுநாள் பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றில், பக்கத்துக் காலி மனையிலிருந்து மணல் அள்ளி நிரப்பி, குளியலறைக்குப் பக்கத்தில் கிடந்த சந்தில் வைத்தேன். பூனையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அது முகர்ந்தது. முன்காலால் ஒரு தடவை தோண்டியது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். முடித்துவிட்டு மணலை இழுத்து மூடி, முகர்ந்து பார்த்தது. நான் அந்தச் சந்திலேயே சுவரில் சாய்ந்து அழுதேன்.

நாலு நாள். நாலு நாளும் வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. நான் காலையும் சாயங்காலமும் கையில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு அள்ளிக் கட்டிக் குப்பையில் போட்டேன். கணவரிடம் "டாக்டர் மண்ணு வைக்கச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் வைக்கச் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. அவர் அந்த டைல்ஸைக் கடைக்கு வருகிற டிரைவர்களிடமெல்லாம் போட்டோவில் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கும் எனக்குமாக அவர் ஆசை ஆசையாய்ச் செய்தது அது. அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாம் நாள் பிள்ளைக்குக் காது குத்து. வீட்டோடு செய்தோம். ஆறுமுகநேரியிலிருந்து கணவரின் அக்கா, அதாவது என் மதினி, குடும்பத்தோடு வந்திருந்தார். கை கழுவப் போனவர் சந்தை எட்டிப் பார்த்துவிட்டு, கூடத்தில் எல்லோரும் கேட்கும்படி சிரித்தார்.

"ஏளா, என்ன இது? பூனைக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்துருக்கியளா? அங்கன பிள்ளைக்குக் காது குத்து, இங்கன பூன பீயா?"

கூடமே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அவருக்கு முகம் கறுத்துப் போனது. பந்தி முடிகிற வரை பொறுத்திருந்தார். பிறகு நேரே சந்துக்குப் போய், பேசினைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்க் கொட்டிவிட்டு, பேசினைச் சாக்கடை ஓரத்தில் எறிந்துவிட்டு வந்தார்.

"எம் மகன் கட்டுன வீட்டுல இந்த அசிங்கமெல்லாம் வேண்டாம்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். காது குத்திய வலியில் அவள் விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். 'அத்தை, அத வச்சதுலதான் நாலு நாளா வீடு சுத்தமா இருக்கு' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா சொன்னதை அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர்கள் முன்னால் பூனைக்காகப் பரிந்து பேசினால், ஏழு வருஷப் பேச்சைத் திரும்ப எடுப்பார்கள் என்று பயந்தேன். இப்போதுதான் எனக்குப் பிள்ளைக்காரி என்று ஒரு மரியாதை வந்திருந்தது. அதை விட மனசில்லை. தலையைக் குனிந்து முந்தானையைச் சரிசெய்தேன்.

மறுநாள் முற்பகல் பூனை தொட்டிலுக்குள் இருந்தது. அத்தையின் பழைய நூல் சேலையில் கட்டிய தொட்டில். நல்லவேளை, பிள்ளை என் கையில் இருந்தாள். சேலையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது.

இதற்கு இரண்டு நாள் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தை டாக்டரிடம் அத்தைதான் முதலில் பேசினார். "பூன தொட்டில்ல மோண்டுட்டு சார், அதுலதான்" என்றார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "கைக்குழந்த இருக்கிற வீடு, சுத்தமா வச்சுக்கணும். ஆனா இது அதனால வந்ததில்ல. இந்த வாரம் பாதிப் பிள்ளைங்களுக்கு இந்தக் காய்ச்சல்தான். மூணு நாள்ல விட்டுரும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை அக்கம்பக்கத்தில் முதல் வரியை மட்டும் சொன்னார். டாக்டர் சுத்தமா வைக்கச் சொல்லிட்டாரு, சுத்தமா வைக்கச் சொல்லிட்டாரு என்று. மற்றதை நானும் எடுத்துச் சொல்லவில்லை. காய்ச்சலில் துவண்டு கிடக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எனக்கு நியாயம் பேச வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் அது மேல ஆசதான். ஆனா பிள்ளைன்னு வந்தா என்ன செய்ய? நீயே சொல்லு" என்றார். "மீன்பிடி ஹார்பர்ல விட்டுருவோம். மீனுக்குப் பஞ்சமே இல்ல. ராசா மாரி இருக்கும்."

"கொண்டு போங்க" என்றேன்.

இதை யாரும் என் வாயிலிருந்து பிடுங்கவில்லை. நான்தான் சொன்னேன்.

தொட்டில் சம்பவத்துக்குப் பிறகு பூனை பீரோவுக்கு மேல் ஏறிப் பதுங்கியிருந்தது. கணவர் கூப்பிட்டுப் பார்த்தார், கருவாடு காட்டினார், நாற்காலி போட்டு ஏறிக் கையை நீட்டினார். அது சீறியது. கடைசியில் என்னைப் பார்த்தார். டயப்பர் வந்த அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். உடனே இறங்கி வந்தது. என் முழங்காலில் தலையை முட்டியது. ஒரு வாரத்துக்கு முன் அடித்த கைக்குள் அப்படியே ஏறி வந்தது. பெட்டிக்குள் வைத்து மூடினேன். கணவர் டேப் ஒட்டினார். காற்றுக்கு நான் கத்திரியால் இரண்டு ஓட்டை போட்டேன். பைக் தெருமுனை திரும்புகிற வரை அது கத்துவது கேட்டது.

அரை மணி நேரத்தில் வெறும் கையோடு திரும்பி வந்தார். "தொறந்து விட்டதும் ஒரு தாவு தாவி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவுல ஓடிட்டு. சந்தோசமாத்தான் போச்சு" என்றார். பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல் விட்டது. "பாத்தியளா" என்றார் அத்தை.

பிள்ளைக்கு ஏழு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். என் ஆபீசிலிருந்து மீன்பிடித் துறைமுகம் தூரமில்லை. முதல் வாரமே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனேன். டப்பாவில் கொஞ்சம் பொரித்த சாளை. அது ஒரு கூத்து. எங்கு திரும்பினாலும் மீன் கொட்டிக் கிடக்கிற இடத்துக்கு நான் பூனைக்கு மீன் கொண்டுபோகிறேன். வலைகளுக்கு நடுவிலும் கூடைகளுக்கு அடியிலும் பூனைகள் கிடந்தன. ராஜா மாதிரி ஒன்றும் இல்லை. காது கிழிந்தவை, கண் பீளை கட்டியவை, மூன்று காலில் நடக்கிறவை. ஒரு மீன் தலைக்கு நாலு பூனையும் இரண்டு நாயும் போட்டி. வீட்டுக்குள் தட்டில் சோறு தின்று வளர்ந்த ஒன்று இங்கே எதைப் பிடுங்கித் தின்றிருக்கும்? பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவை போனபோது, மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னை நிறுத்தினார்.

"என்னம்மா தேடுதிய? தெனமும் வாரியளே."

"ஒரு பூன. சாம்பல் கலரு. நெஞ்சுல வெள்ள."

அவர் கையை உதறிவிட்டு யோசித்தார். "அதுவா? அது நீங்க வளத்ததா? வந்த புதுசுல வாசக் கேட்டுப் பக்கத்துலயே கெடந்துச்சும்மா. உள்ள மீனுக்குக்கூட வராது. பைக்கு சத்தம் கேட்டா எந்திச்சுப் போயிப் பாக்கும். யாரு வண்டின்னாலும் கிட்டப் போயிப் பாத்துட்டு வந்து படுத்துக்கிடும். நாந்தான் ரெண்டு நாளு காரப்பொடி மீனு போட்டேன். திங்கல."

"இப்ப எங்க?"

"பத்து நாளு கெடந்திருக்கும். பெறவு காணல." கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்தினார். "லாரி போற எடம்லா, தாயீ. வேற எங்கயும் போயிருக்கும்னு நெனச்சுக்கிடுங்க."

டப்பாவை அங்கேயே மற்றப் பூனைகளுக்குக் கவிழ்த்துவிட்டு ஆபீசுக்கு வந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஏற்றிய காகிதங்களில் இரண்டில் தப்பு. மேனேஜர் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா கேட்ட கேள்வி, டைல்ஸ், கொசுவலை, பேசின், நாலு நாள், கேட் பக்கத்தில் அது படுத்திருந்தது.  

"இத அப்பமே சொல்லியிருக்கலாம்லா?" என்றார். "ஒரு ஓரத்துல நாலு டைல்ஸப் பேத்துப் போட்டுருப்பேன். ஒரு மணி நேர வேல."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அவர் மேலும் அத்தை மேலும் மதினி மேலும் நான் சேர்த்து வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் திரும்பி என் மேலேயே விழுந்தது. உண்மைதான். எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் என்றைக்காவது சமாதானம் ஆகியிருப்போம். சண்டையே போடவில்லை.

இப்போது மகளுக்கு மூன்று வயசு. போனில் பூனை வீடியோ பார்க்காமல் சோறு இறங்காது. போன மாதம் கணவர் கடையிலிருந்து வரும்போது ஒரு மஞ்சள் குட்டியைக் கொண்டுவந்தார். என்னிடம் கேட்கவில்லை. "பிள்ள ஆசப்பட்டா" என்றார். அத்தை என்ன சொல்வாரோ என்று அடுக்களையிலிருந்தே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பேத்தி குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அன்று சாயங்காலமே அது கூடத்தில் நனைத்துவிட்டது. அத்தை தன் முழங்கால் வலியோடு குனிந்து துடைத்தார். "சின்னதுல்லா, அதுக்கு என்ன தெரியும்? மண்ணு இருந்தா அங்கன போகப் போவுது" என்றார். மகனிடம் சொல்லி ஒரு பேசின் வாங்கி வரச் செய்து, மணல் நிரப்பி, தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். தினமும் அவர்தான் அள்ளிப் போடுகிறார். பேத்தியிடம் எப்படித் தோண்டும், எப்படி மூடும் என்று காட்டுகிறார். அவருக்கு நினைவில்லையா, இல்லை நினைவிருந்துதான் இப்படிச் செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன பதில் வந்தாலும் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

குட்டி நல்ல குட்டி. நான் உட்கார்ந்தால் மடியில் ஏறப் பார்க்கிறது. ஒவ்வொரு தடவையும் எடுத்துத் தரையில் விடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ ஏன் இதத் தூக்க மாட்டேங்க?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்குப் பூன ஒத்துக்காதும்மா" என்றேன்.

அத்தை கட்டிலில் இருந்தார். கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கேட்டார்கள். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை.